தலைப்பிலேயே கொலையாளி: ‘தி ரோபோட்ஸ் ஆஃப் டெத்’ கதையில் மர்மம் எங்கே இருக்கிறது?

தொழிற்சாலை ரோபோ தாக்கித் தொழிலாளி ஒருவர் இறந்தார் என்று எந்த நாட்டிலிருந்து செய்தி வந்தாலும் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று ரோபோக்களுக்கு விதிகள் இருக்கின்றனவே, அவை என்னவாயின என்பதே அந்தக் கேள்வி. அப்படிப்பட்ட விதி எந்த இயந்திரத்திலும் பதிக்கப்படவில்லை. பலர் மனத்தில் வைத்திருக்கும் ‘மூன்று விதிகள்’ அறிவியல் புனைகதையாளர் ஐசக் அசிமோவ் 1942-இல் வெளியிட்ட ஒரு சிறுகதையில் வரிசைப்படுத்திக் கொடுத்தவை. கதைக்காகப் பிறந்த அந்த விதிகள் நாளடைவில் பொறியியல் உண்மைபோலப் பேசப்படத் தொடங்கிவிட்டன.

விதி உடைந்தால் யாரைக் குற்றவாளி என்பது என்ற சிக்கலைத் துப்பறியும் கதையாகவே எடுத்துக்கொண்டு, இன்றும் பழசாகாத விதத்தில் அலசிய தொலைக்காட்சித் தொடர்க்கதை ஒன்று உண்டு. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1977 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 19 வரை, நான்கு சனிக்கிழமைகளில் ஒளிபரப்பான ‘தி ரோபோட்ஸ் ஆஃப் டெத்’ அது. மரணத்தின் ரோபோக்கள் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. முதல் கொலையைச் செய்வது ரோபோ என்பதையும் பார்வையாளர் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்கிறார். அப்படியிருந்தும் இது மர்மக் கதையாக நிற்பது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். முடிவும் இங்கே பேசப்படுகிறது.

கதையின் களம்

பெயர் சொல்லப்படாத ஒரு கோளின் மணல் பாலைவனத்தில், ஊர்ந்து செல்லும் மாபெரும் சுரங்க ஊர்தி ஒன்று புயல்களைத் துரத்திக்கொண்டு போகிறது. புயல் கிளப்பிவிடும் மணலிலிருந்து விலையுயர்ந்த கனிமங்களைப் பிரித்தெடுப்பதே அதன் தொழில். ‘நான்காம் புயல் சுரங்கம்’ எனப்படும் அந்த ஊர்தியில் இருப்பவர்கள் ஒன்பது மனிதர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட ரோபோக்கள். மாதக்கணக்கில் நீளும் பயணம். வெளியே புயல் வீசுவதால் இறங்கி ஓட வழி கிடையாது. தனித்தீவிலோ பனியில் சிக்கிய ரயிலிலோ ஆட்களை அடைத்துவைத்து ஒவ்வொருவராகக் கொல்லும் ஆங்கிலத் துப்பறியும் கதை மரபு அப்படியே இங்கே இடம் மாற்றப்பட்டிருக்கிறது.

எழுதியவர் கிறிஸ் பௌச்சர், இயக்கியவர் மைக்கேல் பிரையன்ட். தயாரிப்பாளர் ஃபிலிப் ஹிஞ்ச்கிளிஃப். கதைத் தொகுப்பாளர் ராபர்ட் ஹோம்ஸ். டாம் பேக்கர், காலத்தில் பயணிக்கும் தொடரின் நாயகன் டாக்டராகவும், லூயிஸ் ஜேம்சன் அவருடைய தோழி லீலாவாகவும் நடித்தனர். லீலா என்ற பெயரைக் கண்டு நம் நாட்டுத் தொடர்பைத் தேட வேண்டாம். பாலஸ்தீனப் போராளி லைலா காலித்தின் பெயரிலிருந்து பௌச்சர் அதை எடுத்துக்கொண்டார். வேட்டையையே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு குலத்தில் வளர்ந்தவள் லீலா. அந்தப் பின்னணிக்குக் கதையில் வேலை இருக்கிறது.

மூன்று வகை ரோபோக்கள்

கதைக்குள் வரும் ரோபோக்கள் மூன்று படிநிலைகளில் பிரிக்கப்பட்டுள்ளன. இந்தப் பிரிவு புரியாமல் புதிர் புரியாது.

1. ‘டம்’ – பேச முடியாதவை. எளிய கட்டளையை ஏற்று உடலுழைப்பை மட்டும் செய்பவை.
2. ‘வாக்’ – பேசக்கூடியவை. ஊர்தியை இயக்குவது முதல் மனிதர்களின் உடலைப் பிடித்துவிடுவது வரை அன்றாட வேலைகள் இவற்றின் கையில்.
3. ‘சூப்பர்வாக்’ – மற்ற எல்லா ரோபோக்களையும் ஒருங்கிணைப்பது. இந்த ஊர்தியில் அது ‘எஸ்வி7’.

மனிதர்கள் எஸ்வி7-க்குச் சொல்கிறார்கள். எஸ்வி7 கீழே உள்ளவற்றுக்குச் சொல்கிறது. கட்டளை ஒரே ஒரு குழாய் வழியாக இறங்குகிறது. அந்தக் குழாயின் வாயை எவன் பிடிக்கிறானோ அவன் ஊர்தியையே பிடித்துவிடுவான்.

‘டி84’ என்ற ரோபோ இந்தப் பட்டியலை மீறி நிற்கிறது. பேச முடியாத ‘டம்’ வகை என்ற தோற்றத்தில் மூலையில் நிற்கும் அது, உண்மையில் உயர்வகை அறிவு கொண்டது. சுரங்க நிறுவனம் வேவு பார்க்க அனுப்பியது. அதற்கு மேலாளாக வந்திருப்பவர் ஊர்திப் பணியாளர்களில் ஒருவரான பூல். மனிதத் துப்பறிவாளரும் ரோபோத் துப்பறிவாளரும் சோடி சேர்ந்து கொலையை ஆராயும் இந்த ஏற்பாடு அசிமோவின் 1954-ஆம் ஆண்டு நாவலான ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ வழி வந்தது. அந்த நாவலையும் பிபிசி 1964-இல் பீட்டர் குஷிங்கை வைத்து நாடகமாக்கியிருந்தது.

இந்தக் கடனை பௌச்சர் மறைக்கவில்லை. ஊர்தித் தலைவரின் பெயர் ‘உவனோவ்’. அதைச் சொல்லிப் பார்த்தால் அசிமோவ் காதில் விழும். ‘பூல்’ என்பது அறிவியல் புனைகதை எழுத்தாளர் பூல் ஆண்டர்சனின் முதற்பெயர். கதையில் வரும் ரோபோ விஞ்ஞானியின் ‘டாரன் கேப்பல்’ என்ற பெயரோ ‘காரெல் சாபெக்’ என்பதன் எதிரொலி. செக் எழுத்தாளரான சாபெக் 1920-இல் வெளியிட்ட ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகத்தில்தான் ‘ரோபோ’ என்ற சொல் பிறந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல் அதன் வேர். அந்த நாடகத்தின் ஒரு பகுதியை 1938-லேயே பிபிசி தொலைக்காட்சியில் காட்டியது. ஆக, இந்தக் கதை ஒளிபரப்பானபோது, தொலைக்காட்சியில் ரோபோ என்பதற்கு ஏறக்குறைய நாற்பது வயது ஆகிவிட்டிருந்தது.

பூட்டிய கதவு எது?

துப்பறியும் கதைகளில் ‘பூட்டிய அறைக் கொலை’ என்று ஒரு வகை உண்டு. கதவு உட்புறம் தாழிடப்பட்டிருக்கும், ஜன்னல் மூடியிருக்கும், உள்ளே பிணம் கிடக்கும். கொலையாளி எப்படி வந்தான், எப்படிப் போனான் என்பதே கேள்வி. இந்தக் கதையின் பூட்டிய கதவு மரத்தாலோ இரும்பாலோ ஆனதல்ல. ‘ரோபோ மனிதனைக் கொல்லாது’ என்ற நம்பிக்கைதான் அந்தக் கதவு.

ஊர்தியில் உள்ளவர்களின் நினைப்பில் அது வெறும் விதி அல்ல. ரோபோவின் மூளைச் சுற்றுகளில் பல அடுக்குகளாக இலட்சக்கணக்கில் கட்டுப்படுத்திகள் பின்னப்பட்டிருக்கின்றன. அவற்றை மீறி ஒரு ரோபோ கையை ஓங்குவது இயற்கைக்கே மாறானது என்று அவர்கள் நினைக்கிறார்கள். எனவே முதல் பிணம் விழுந்தவுடன் எல்லோரும் சுற்றி நிற்கும் மனிதர்களைச் சந்தேகிக்கிறார்கள். அந்நேரம் பார்த்து அழையா விருந்தாளிகளாக வந்து சேர்ந்த டாக்டரும் லீலாவும் கைதாகிறார்கள். பிறகு சந்தேகம் ஒருவர் மீதிருந்து ஒருவருக்குத் தாவுகிறது. உவனோவின் தலைமையில் நடந்த முந்தைய பயணமொன்றில் ஸில்டா என்ற பணியாளரின் சகோதரன் இறந்திருக்கிறான். அந்தப் பழைய பகையும், ஆளும் குலத்தில் பிறந்தவர்களுக்கும் உழைத்து மேலே வந்தவர்களுக்கும் இடையிலான கசப்பும் சந்தேகத்துக்குத் தீனி போடுகின்றன. தேநீர் கொண்டுவரும் கையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

பார்வையாளருக்குத் தெரிந்தது பாத்திரங்களுக்குத் தெரியவில்லை. கொன்றது எந்தக் கை என்று நமக்குத் தெரியும். அந்தக் கையை ஏவியவன் யார் என்பது தெரியாது. இந்த இரண்டையும் பிரித்துவைத்ததில்தான் பௌச்சரின் திறமை இருக்கிறது. தலைப்பு காட்டிக்கொடுப்பது கருவியை மட்டும்தான்.

கதையின் தொடக்கக் காட்சி இதை நுட்பமாக விதைத்துவிடுகிறது. பணியாளர்கள் ஓய்வறையில் சாய்ந்து கிடக்க, சப் என்பவன் ஒரு வேடிக்கைக் கதை சொல்கிறான்: நகரத்தில் உடல்பிடிச் சிகிச்சைக்கென்று செய்த ஒரு ரோபோவிடம் முழங்கை இறுகிப்போன ஒருவன் போனானாம், அது மூட்டைச் சுற்றி இதமாகத் தடவிப் பார்த்துவிட்டு, திடீரென்று கையைத் தோளோடு திருகி எடுத்துவிட்டதாம். கேட்டவர்கள் அதைக் கதை என்று ஒதுக்குகிறார்கள். சிறிது நேரத்தில் ரோபோவின் கையால் இறக்கும் முதல் ஆள் அந்த சப்தான்.

சிவப்பு வில்லை

கொலையுண்டவர்களின் உடலில் சிறிய சிவப்பு வில்லை ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அது என்னவென்று விளக்கப்படும் இடம், கதையின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று என்பது இக்கட்டுரையின் கருத்து. ரோபோக்களை மொத்தமாக நிறுத்த நேர்ந்தால், அவற்றை மீண்டும் இயக்குவதற்காக உற்பத்தி நிலையத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வந்து சேரும் ஒவ்வொன்றும் செயலிழந்தது என்பதற்கு அடையாளமாக அதன்மேல் இந்த வில்லையை ஒட்டுவார்கள். அங்குள்ள தொழில்நுட்பப் பணியாளர்கள் தங்களுக்குள் வேடிக்கையாக அதற்கு வைத்த பெயர் ‘பிண அடையாளம்’.

ரோபோவைப் பிணம் என்று சொன்னது ஒரு கேலி. அந்தக் கேலியை எவனோ ஒருவன் மெய்யாக எடுத்துக்கொண்டிருக்கிறான். ரோபோவுக்கு ஒட்டுவதை மனிதனுக்கு ஒட்டுகிறான். ரோபோவை நிறுத்துவதும் ஒருவகைக் கொலை என்று நம்புபவன், மனிதனைக் கொல்வதை வெறும் ‘நிறுத்தம்’ என்று கருதுகிறான். கைரேகை, காலடி போன்ற தடயங்கள் ஆளைக் காட்டும். இந்த வில்லை அவனுடைய மனத்தைக் காட்டுகிறது.

முகம் இருந்தும் முகபாவம் இல்லாதவை

இந்த ரோபோக்களின் தோற்றம் கதையின் வாதத்தோடு பிணைந்தது. தகர டப்பாவுக்குக் கைகால் முளைத்தாற்போன்ற ரோபோக்களைக் காட்டிவந்த காலத்தில், பிரையன்ட்டின் குழு வேறு வழியில் போனது. கடைந்தெடுத்த சிலை முகம், அலை அலையாகச் செதுக்கிய கூந்தல், நீண்ட அங்கி, மரியாதை குறையாத மென்குரல். ஊர்தியின் உட்புறம் 1920-களின் ஆர்ட் டெகோ என்ற அலங்காரப் பாணியில் அமைந்த சொகுசுக் கப்பலைப் போல இருக்கிறது. மனிதர்கள் முகத்தில் வண்ணம் தீட்டி, தலையில் அலங்காரம் சூடித் திரிகிறார்கள். சுரங்கம் என்றால் அழுக்கும் கரியும்தானே என்று தோன்றலாம். ஆனால் அழுக்குப்படும் வேலை முழுவதும் ரோபோக்களிடம் போய்விட்ட சமூகத்தில் எசமானர்களுக்கு மிஞ்சுவது அலங்காரம் மட்டுமே.

மனிதர்கள் பேசும்போது சொல்லைவிடக் கூடுதலாகக் கண்ணசைவும் தோள் அசைவும் பேசுகின்றன. ரோபோவிடம் அது இல்லை. உடல்மொழி அற்ற உருவங்களோடு நாள் முழுக்கப் புழங்குவது, நடந்து பேசும் பிணங்களுக்கு நடுவே வாழ்வது போன்றது என்கிறார் டாக்டர். சிலருக்கு இது தாங்க முடியாமல் மனநோயாகிவிடுகிறது. ரோபோ அச்சம் என்னும் அந்த நோய்க்குக் கதையில் ‘கிரிம்வேட் நோய்க்குறி’ என்று பெயர். இது படப்பிடிப்புக் குழுவில் பணியாற்றிய பீட்டர் கிரிம்வேடைச் சீண்டுவதற்கு வைத்த பெயர்.

ஜப்பானிய ரோபோ அறிஞர் மசஹிரோ மோரி 1970-இல் எழுதிய கட்டுரையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஓர் உருவம் மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் பிடிப்பு கூடுகிறது. ஏறத்தாழ மனிதனாகவே ஆகிவிடும் கட்டத்தில் அந்தப் பிடிப்பு சட்டென்று அருவருப்பாகச் சரிகிறது. முழு மனிதச் சாயலை எட்டும்போது மீண்டும் ஏறுகிறது. இடையில் விழும் அந்தச் சரிவுக்கு அவர் ‘விசித்திரப் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். செயற்கைக் கையோடு கைகுலுக்கும்போது, பார்வைக்கு அசலாக இருந்தது தொட்டவுடன் சில்லென்று இருப்பதை அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். அவருடைய வரைபடத்தில் பள்ளத்தின் அடியில் இருப்பது பிணம். அது எழுந்து நடந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகிறது. மோரியின் கட்டுரை அந்நாளில் ஜப்பானுக்கு வெளியே பரவலாக அறியப்பட்டதல்ல. பௌச்சர் தம் போக்கில் அதே பள்ளத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

உடல்மொழியை முன்வைத்துத்தான் லீலாவும் கதைக்குள் வருகிறாள். பூலைப் பார்த்தவுடன் அவன் வேட்டைக்காரனைப் போல நடமாடுகிறான் என்று சொல்லிவிடுகிறாள். அவன் மாறுவேடத்தில் வந்த வேவுகாரன் என்பதை எந்தக் கருவியும் கண்டுபிடிக்கவில்லை. காட்டில் வளர்ந்தவளின் கண் கண்டுபிடித்தது. ரோபோவின் கையில் இரத்தத்தைப் பார்த்த கணத்தில் அதே பூல் மனம் சிதறிப் போகிறான். ரோபோவைக் கூட்டாளியாகக் கொண்டு வந்தவனுக்கே ரோபோ அச்சம். அவனாக நடித்த டேவிட் காலிங்ஸ் அந்தச் சிதறலை உரத்த கத்தல்கள் இல்லாமல் காட்டியிருக்கிறார்.

ஏவியவன் யார்?

டாக்டரின் தருக்கம் இப்படி நகர்கிறது.

1. குரல்வளையை நெரித்த வலிமை மனிதக் கையுடையது அல்ல. ஆகவே கொன்றது ரோபோ.
2. ரோபோவின் கட்டுப்பாட்டுச் சுற்றுகள் தாமாகப் பழுதடைந்திருந்தால் அது தாறுமாறாக நடந்திருக்கும். இங்கே ஆள் பார்த்து, வரிசையாகக் கொலை நடக்கிறது. ஆகவே யாரோ அதன் மூளையைத் திறந்து மாற்றியிருக்கிறார்கள்.
3. அப்படி மாற்றும் அறிவு மிகச் சிலருக்கே உண்டு. அவர்களில் டாரன் கேப்பல் என்ற விஞ்ஞானி, குழந்தைப் பருவத்திலிருந்து ரோபோக்களால் வளர்க்கப்பட்டவர், இப்போது காணாமற்போயிருக்கிறார்.
4. வெளியிலிருந்து ஊர்திக்குள் யாரும் வர முடியாது. ஆகவே ஒன்பது பேரில் ஒருவர் தாம் சொல்லிக்கொள்ளும் ஆள் அல்ல.

அந்த ஒருவர், பழுதுபார்ப்புப் பொறுப்பாளராக இருக்கும் டாஸ்க். ரோபோவைத் திறந்து பார்ப்பது அவருடைய அன்றாட வேலை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நியாயமான தடயம் ஒன்றும் முதலிலிருந்தே கண்முன் இருக்கிறது: பிணம் விழும்போது மற்றவர்கள் கத்துகிறார்கள், சண்டையிடுகிறார்கள், அழுகிறார்கள், டாஸ்க் மட்டும் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் நிற்கிறார். மனிதர்களில் உடல்மொழி இல்லாத ஒரே ஆள் அவர்தான். டேவிட் பெய்லி அந்தப் பாத்திரத்தை அளந்து செய்திருக்கிறார்.

இதில் ஒரு குறையும் உண்டு. ஏவுபவன் ரோபோக்களுக்குக் கட்டளையிடும் காட்சிகளில் அவன் முகத்தைப் போதிய அளவு மறைக்கவில்லை. கூர்ந்து பார்ப்பவர் கடைசிப் பகுதிக்கு முன்பே ஆளை அடையாளம் கண்டுவிடலாம். புதிருக்காக மட்டும் பார்ப்பவருக்கு இது ஏமாற்றம்தான்.

குரல்தான் கட்டளை

தீர்வு, கதையின் அடிப்படையிலிருந்தே வருகிறது. டாஸ்க் என்ற பெயரில் மறைந்திருந்த கேப்பல் ரோபோக்களைத் தம் சகோதரர்கள் என்கிறார். மனிதர்களிடமிருந்து அவற்றை விடுவிக்கப்போவதாக முழங்குகிறார். தம் முகத்தையும் ரோபோ முகம்போலத் தீட்டிக்கொள்கிறார். ஆனால் அவர் திறந்து மாற்றிய ரோபோக்களுக்கு விடுதலை கிடைக்கவில்லை. பழைய எசமானர்களின் கட்டளைக்குப் பதிலாக இவருடைய கட்டளை. முன்பு ‘தீங்கு செய்யாதே’, இப்போது ‘கொல்’. எசமானரை அவை அடையாளம் காண்பது முகத்தை வைத்து அல்ல, குரலை வைத்து.

டாக்டர் செய்வது ஒன்றே ஒன்று. ஹீலியம் வாயு நிரம்பிய கலனை லீலாவிடம் கொடுத்து ஒளித்துவைக்கிறார். தக்க நேரத்தில் அவள் அதைத் திறந்துவிடுகிறாள். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஹீலியத்தில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. குரல்நாண் அதிரும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. தொண்டையும் வாயும் சேர்ந்த குழலின் ஒத்ததிர்வுதான் மேலே ஏறிவிடுகிறது. அதனால் குரல் கீச்சென்று மாறுகிறது. கேப்பலின் கட்டளையை எஸ்வி7 இனம் காணவில்லை. மனிதர்களைக் கொல் என்று அவர் பதித்த கட்டளை மட்டும் உள்ளே இருக்கிறது. எதிரே நிற்பதோ குரல் தெரியாத ஒரு மனிதன். சகோதரன் என்று அழைத்தவரின் கழுத்தையே அது நெரித்துவிடுகிறது.

இதைக் கேலிக்கூத்து முடிவு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. பள்ளிப் பாட அறிவியல் ஒன்று வில்லனைச் சாய்ப்பது சற்றுச் சிறுபிள்ளைத்தனமாகப் படலாம். ஆனால் ரோபோவுக்கு நல்லது கெட்டது தெரியாது, யார் சொன்னது என்பது மட்டுமே தெரியும் என்று மூன்று பகுதிகளாகச் சொல்லிவந்ததற்கு இதைவிடப் பொருத்தமான முடிவு இல்லை.

நிறுவனம் ஏன் மூடி மறைத்தது?

கேப்பலிடமிருந்து மிரட்டல் வந்ததை நிறுவனம் முன்பே அறியும். பூலையும் டி84-ஐயும் அனுப்பியதே அதற்காக. ஊர்தியில் உள்ள மற்றவர்களுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ரோபோ கொல்லும் என்ற செய்தி பரவினால் சமையலறை முதல் சுரங்கம் வரை ரோபோவை நம்பி நிற்கும் அந்த நாகரிகமே ஆட்டம் கண்டுவிடும் என்ற அச்சம்தான் காரணம். பயணிகளின் உயிரைவிட நம்பிக்கையின் உயிர் பெரிதாகப் பட்டது.

இந்தக் கதை ஒளிபரப்பாகி இரண்டாண்டுகள் கழித்து, 1979 ஜனவரி 25 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளாட் ராக் என்ற ஊரிலிருந்த வார்ப்பாலையில், உதிரிப்பாகங்களை எடுத்துவைக்கும் ரோபோக் கரம் மோதி ஒரு தொழிலாளி இறந்தார். ரோபோவால் நேர்ந்த முதல் மனித மரணமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது இதுவே. கரத்தைக் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லை என்று இயந்திரத்தைத் தயாரித்தவர்கள் மீது குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். 1983-இல் நடுவர் குழு ஒரு கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. இன்றைய தொழிற்சாலைகளில் ரோபோப் பாதுகாப்பு என்பது வேலி, உணரி, அவசர நிறுத்தப் பொத்தான், பயிற்சி ஆகியவற்றில் நிற்கிறது. இயந்திரத்தின் மனச்சாட்சியில் அல்ல. கதையில் டாக்டர் முதலில் தேடியதும், நிறுத்துவதற்கான வழியைத்தான்.

கடைசியில் அந்த வழி டி84 வழியாகவே நிறைவேறுகிறது. அருகிலுள்ள ரோபோக்களைச் செயலிழக்கச் செய்யும் சிறு கருவி ஒன்றை டாக்டர் அமைக்கிறார். அதை இயக்கினால் தானும் அழிவேன் என்று தெரிந்தே, டாக்டரைக் காப்பாற்ற டி84 அதை இயக்குகிறது. நான் முக்கியமானவன் அல்ல என்று முன்னதாக அது சொன்னபோது, நீ மிக முக்கியமானவன் என்று டாக்டர் மறுத்திருந்தார். டி84-இன் மூளையில் எவரும் கைவைக்கவில்லை. ரோபோக்கள் அனைத்தும் வெறும் கருவிகள் என்ற வாதத்தை வலுவாகக் கட்டிவிட்டு, அதில் ஒரு செங்கல்லை பௌச்சர் தாமே உருவிப் போடுகிறார். இந்த முரணை அவர் தீர்த்துவைக்கவில்லை.

உவனோவ், ஊர்திப் பணியாளரான டூஸ், பூல் ஆகிய மூவரே உயிரோடு மிஞ்சுகிறார்கள். நகரத்துக்குத் திரும்பிய பிறகு நிறுவனம் அவர்களை என்ன செய்தது என்பதைத் தொடர் சொல்லாமலேயே நிறுத்திக்கொள்கிறது. அதே மூவரையும் அதே நகரத்தையும் வைத்து பௌச்சர் 1999-இல் ஒரு நாவல் எழுதினார். உற்பத்தி நிலையப் பணியாளர்கள் சிவப்பு வில்லைக்கு வேடிக்கையாக வைத்திருந்த பெயரையே அதற்குத் தலைப்பாக்கினார்.